மூன்றாவது வட்டு

மின்சாரம் போனது ஒரு நொடிதான். மின்விசிறி சுற்றி நிற்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நொடியில் வானொலி நிலையத்தின் கணினி அணைந்துபோனது. சவாயீ தீவின் வடகரை முழுக்க, சமையல் கொட்டகைகளிலும் பஸ்களிலும் படகுகளிலும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு பாதி வரியில் அறுந்தது.

"விடுடி, தானா எழுந்துக்கும்," என்றாள் ஃபிலா. வறுத்த வாழைக்காய்ப் பொட்டலத்திலிருந்து அவள் கை வெளியே வரவில்லை. நிலையத்தின் அறிவிப்பாளர் அவள்தான். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவளும் அவள்தான். மெலேசலாவுக்கு, சுருக்கமாக மெலேக்கு, நாத்தனார் என்பது இந்த இரண்டையும்விடப் பெரிய பதவி.

மெலே திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கணினியும் மின்கருவிகளும் அவள் பொறுப்பு. மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கவேண்டிய காப்பு பேட்டரி போன வருடமே உப்பிவிட்டது. புதியது தலைநகர் ஆப்பியாவிலிருந்து அடுத்த கப்பலில் வரும், அடுத்த கப்பலில் வரும் என்று நாள் போய்க்கொண்டிருந்தது.

கணினி எழுந்தது. விளக்குகள் மின்னின. வழக்கமாக இந்த இடத்தில் திரை நீலமாக மாறும். இன்று கறுப்பாகவே இருந்தது. மேலே ஒரே ஒரு வெள்ளை வரி: கேட்ட கோப்பு அங்கே இல்லை. கீழே ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டுத் துடித்தது.

"அக்கா, இது எழுந்துக்காது போலிருக்கு."

"இன்னொரு தடவை அணைச்சுப் போடு. எங்க வீட்டு டிவிக்கு நான் அப்படித்தான் பண்ணுவேன்."

மெலே அணைத்துப் போட்டாள். அதே கறுப்பு. அதே வரி.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு வைலூபே வந்தார். நிலையத்தின் மேலாளர். ஊரில் சபை கூடினால் எழுந்து நின்று பேசும் உரிமையுள்ள பேச்சாளர் குலத் தலைவர். மெலேயின் கணவன் நிகோவுக்குத் தாய்மாமன். பருத்த உடம்பு. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் செல்போன்.

"வானிலை ஆபீஸ்லேர்ந்து பேசினாங்க. தெற்கால போகும்னு சொன்னாங்களே, அந்தப் புயல் திரும்பிடுச்சு. நேரா இந்தப் பக்கம் வருது. சாயங்காலத்துக்குள்ள காத்து பிடிச்சுக்குமாம். கடல்ல இருக்கற சின்னப் படகெல்லாம் உடனே கரைக்கு வரணும். ஃபிலா, மைக்கை எடு."

யாரும் அசையவில்லை. அவர் திரையைப் பார்த்தார். பிறகு மெலேயைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நிகோ போயிருக்கானா இன்னிக்கு?"

"விடியறதுக்கு முன்னாடியே போயிட்டார், மாமா. மேட்டுக்கு."

மேடு என்பது கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தொலைவில், கடலுக்கடியில் புதைந்து கிடக்கும் மலை. சூரை மீன் அங்கேதான் கூடும். செல்போன் அலை அங்கே எட்டாது. படகிலிருந்த வயர்லெஸ் உப்பேறிச் செத்து ஒரு மாதமாகிறது. மிச்சமிருப்பது ஒரு சின்ன ரேடியோ. பிளாஸ்டிக் பையில் சுற்றி, எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பான்.

வைலூபே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நிகோ இன்று ஏன் போனான் என்பது அந்த அறையிலிருந்த மூவருக்கும் தெரியும்.

போன வாரம் புதிய போதகரை வரவேற்க ஊர்ச்சபை கூடியது. வேரை இடித்துக் கரைத்த ஆவாவைக் கோப்பையில் ஏந்தி, தலைவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை நிகோவுக்கு. ஒவ்வொரு தலைவரின் கோப்பைக்கும் ஒரு பெயர் உண்டு. பேச்சாளர் அந்தப் பெயரை இழுத்துக் கூவுவார். அது யாருடைய கோப்பையோ அவரிடம்தான் போகவேண்டும், அவர் எந்தத் தூணில் சாய்ந்திருந்தாலும் சரி. அன்றைக்கு விருந்தாளிகள் அதிகம். எல்லோரும் ஒரு தூண் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். பதற்றத்தில் நிகோ பெயரைக் காதில் வாங்கவில்லை. வழக்கமாக இரண்டாவது கோப்பை போகும் இடத்தைக் கணக்குப் பண்ணி, அங்கே போய் நீட்டிவிட்டான். அங்கே இருந்தவர் பக்கத்து ஊர்க்காரர். கோப்பை தனக்குத்தான் என்று காட்ட நம் ஊர்ப் பெரிய தலைவர் தட்டிய கை தட்டியபடியே நின்றது.

சபை தண்டனை விதித்தது: ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு தலைவர்கள் எல்லோரும் உட்காரும் விருந்துக்கு மீன் முழுவதும் நிகோ கொண்டுவர வேண்டும். டின் மீன் கூடாது, கடல் மீன். அன்று கோப்பைப் பெயரைக் கூவியது வைலூபேதான். தீர்ப்பைப் படித்ததும் அவர்தான்.

காலையில் மெலே தடுத்துப் பார்த்தாள். "மேகத்தைப் பாரு, நிகோ. கிட்டக்கவே போட்டுப் புடிச்சுட்டு வா."

"கிட்டக்கப் புடிச்சா குஞ்சு மீன்தான் கிடைக்கும். அதைக் கொண்டு போய் வெச்சா மறுபடியும் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்! உனக்குக் காது கேக்காதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே என்ன?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாகப் போய்க் குத்தியது என்று தெரிந்தது. அவன் தூண்டில் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டான். படலைத் தாண்டும்போது திரும்பாமலே சொன்னான்: "புயல் வந்தா நீயே ரேடியோல சொல்லு. அப்ப கேக்குதா பாக்கலாம்."

"மைக்ல பேசினாப் போதாதா? கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று வைலூபே கேட்டார். பதில் தெரிந்தேதான் கேட்டார். மைக்கை நேராகக் கோபுரத்தோடு இணைத்த பழைய ஒலிக்கருவி மின்னலில் கருகிய பிறகு, மைக்கில் பேசுவதும் இந்தக் கணினிக்குள் நுழைந்துதான் குன்றின் மேலுள்ள கோபுரத்துக்குப் போகிறது. இது உறங்கினால் கோபுரமும் ஊமை.

"ஆப்பியாவுல இருக்கற பெரிய ஸ்டேஷன் சொல்லுமே?"

"மேடு வரைக்கும் அது எட்டாது, மாமா. நம்மளோடதுதான் எட்டும்."

வைலூபே எழுந்து இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து சிவப்பு நிறப் பென் டிரைவ் குச்சி ஒன்றை எடுத்தார். கணினியை அமைத்துக் கொடுத்த தொழில்நுட்பக்காரர் விட்டுப்போனது.

"எல்லாம் கெட்டுப்போனா இதைப் போடுங்கன்னு சொன்னானே அந்த ஆளு. போடும்மா."

"இது ரெண்டாவது வட்டை முழுசா அழிச்சுட்டு, எல்லாத்தையும் புதுசா எழுதும். ரொம்ப நேரம் ஆகும்."

"சும்மா உட்கார்ந்திருந்தா அதைவிட ஆகும்!"

மெலே குச்சியைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் இன்னும் சாதாரணமாகத்தான் ஆடிக்கொண்டிருந்தன. பவளப்பாறைக்கு அப்பால் கடலின் நிறம் மட்டும் மாறியிருந்தது. பழைய தகரம் போல.

அவள் யோசித்தாள். இந்தப் பெட்டிக்குள் கோப்புகளைச் சேமிக்கும் வட்டுகள் இரண்டு. இரண்டையும் திருகி மாட்டியவள் அவளே. முதல் வட்டு சின்னது. மின்சாரம் வந்ததும் அதிலிருந்துதான் துவக்கி கண் விழிக்கும். துவக்கி ஒரு குட்டி நிரல். அதற்கு வேறொன்றும் தெரியாது. என்னென்ன வட்டுகள் மாட்டியிருக்கின்றன என்று, எல்லாவற்றையும் இணைக்கும் தாய்ப்பலகை வரிசையாகச் சொல்லும். இவன் முதல்வன், இவன் இரண்டாமவன் என்று துவக்கி அப்படியே எண்ணிக்கொள்ளும். பிறகு தனக்கு எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படிக்கும். 'இரண்டாவது வட்டுக்குப் போ. அங்கே இருப்பதை எழுப்பு.' அங்கேதான் நிலையத்தின் எல்லாமே இருக்கிறது.

இரண்டாவது வட்டுக்குப் போயிருக்கிறது. அங்கே ஒன்றுமில்லை என்கிறது. அப்படியானால் வட்டு செத்துவிட்டதா?

செத்திருந்தால், வட்டையே காணோம் என்றல்லவா சொல்ல வேண்டும்? கோப்பு இல்லை என்று ஏன் சொல்கிறது?

"மெலே, போடும்மா அந்தக் குச்சியை! பையன் நடுக்கடல்ல நிக்கிறான்!"

"எழுதறதுக்கு முன்னாடி எது மேல எழுதறோம்னு பாக்கணும், மாமா. ஒரு நிமிஷம் குடுங்க."

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னு..." வைலூபே சொல்லை முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துடித்துக்கொண்டிருந்த கோட்டில் மெலே இரண்டெழுத்துக் கட்டளை ஒன்றை அடித்தாள். உன் கண்ணுக்கு என்னென்ன தெரிகிறது என்று துவக்கியைக் கேட்கும் கட்டளை. அவசரத்தில் முதல் முறை தப்பாக விழுந்தது. அழித்து மறுபடி அடித்தாள்.

வரிசை வந்தது. முதல் வட்டு. இரண்டாவது வட்டு. மூன்றாவது வட்டு.

மெலே நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றா?

"அக்கா, கம்ப்யூட்டர்ல ஏதாவது சொருகினியா?"

"நானா? நான் எதுக்குச் சொருகறேன்?" ஃபிலா பொட்டலத்தின் வாயைச் சுருட்டினாள். "எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

கல்யாணப் பாட்டு ஒன்றோடு வந்த வைரஸ் ஒருமுறை நிலையத்தையே இரண்டு நாள் முடக்கிப் போட்டது. அதிலிருந்து, வெளியிலிருந்து எதையும் இதில் சொருகக்கூடாது என்பது வைலூபேயின் சட்டம். மீறினால் வேலை போய்விடும் என்று சபையில் பேசும் குரலில் சொல்லியிருந்தார்.

மெலே மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டாவது வட்டுக்குள் என்ன இருக்கிறது என்று துவக்கியையே கேட்டாள்.

திரையில் பெயர்கள் வரிவரியாக இறங்கின. பெண் குரல் ஒத்திகை. ஆண் குரல் ஒத்திகை. வெள்ளை ஞாயிறு. போதகர் வரவேற்பு, சரியாக வரவில்லை. போதகர் வரவேற்பு, பரவாயில்லை. கடைசியில் ஒன்று: அம்மா, கடைசி ஈஸ்டர்.

ஃபிலா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு விசும்பினாள்.

"நாளைக்கு ஆராதனைக்குப் பாட்டுங்களைச் சரிபண்ணலாம்னுதான் மெலே... வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓடலை. நேத்து சாயங்காலம் குழுவோட பாட்டு வட்டைப் பின்னாடி சொருகினேன். அப்ப நல்லாத்தானே ஓடுச்சு! பாட்டெல்லாம் வந்துச்சே!"

"ஓடிக்கிட்டு இருக்கறப்ப சொருகினா ஒண்ணும் ஆகாது, அக்கா. அணைஞ்சு எழுந்தப்பதான் புதுசா எண்ணியிருக்கு. உன்னோடதை ரெண்டாவதா எண்ணிடுச்சு. நம்மளோடது மூணாவதாப் போயிடுச்சு."

மெலே கையிலிருந்த சிவப்புக் குச்சியைப் பார்த்தாள். இதைச் சொருகி ஆமாம் என்று ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால், இரண்டாவது வட்டு முழுசாகத் துடைக்கப்பட்டிருக்கும். நிலையத்தின் வட்டு அல்ல, ஃபிலாவின் வட்டு. அந்தக் கடைசி ஈஸ்டர் ஆராதனையில் பாடிய குரல் நிகோவுக்கும் ஃபிலாவுக்கும் அம்மா. வைலூபேக்கு அக்கா. அவள் குரல் வேறெங்கும் இல்லை.

வைலூபேயும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று ஃபிலா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தொண்டையைச் செருமினார். "எங்கடி சொருகின? எடு முதல்ல," என்றார்.

கணினிக்குப் பின்னால், குழுவின் வெள்ளை அங்கி ஒன்றை மடித்துப் போட்டு மறைத்திருந்தாள். ஃபிலா முட்டிபோட்டுத் தவழ்ந்து போனாள். மேசைக்கடியிலிருந்து அவள் குரல் வந்தது. "ஆண்டவரே, இந்தச் சந்துல போறப்ப சுலபமா இருந்துச்சே!"

"வாழைக்காயைக் கொஞ்சம் கம்மி பண்ணு," என்றார் வைலூபே. யாரும் சிரிக்கவில்லை.

வட்டு வெளியே வந்தது. மெலே மறுபடி துவக்கினாள். கறுப்புத் திரை. கோடு துடித்தது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. நிகோவின் படகு மனதில் வந்தது. அலுமினியம், எடை குறைவு, இரட்டை அடிப்பாகம். நல்ல காலத்தில் தண்ணீரைத் தொடாமல் பறக்கும். கெட்ட காற்றில் அதே எடைக்குறைவு...

திரை நீலமானது.

ஃபிலா மேசைக்கடியிலிருந்தே "ஆமென்" என்றாள்.

அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக எழுந்தது. கோபுரத்தின் இணைப்பு விளக்கு சிவப்பாகவே இருந்தது. பிறகு மஞ்சள். மெலே அந்த விளக்கை முறைத்துக்கொண்டே இருந்தாள். பச்சை.

வழக்கமாக ஃபிலாதான் பேசுவாள். ஆனால் மெலே மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். வைலூபே செல்போனில் எழுதிவைத்ததை அவள் முன் நீட்டினார்.

"வடகரைச் சிறு படகுகள் அனைத்தும் கவனிக்கவும். புயல் திசை மாறி வந்துகொண்டிருக்கிறது. படகுகள் அனைத்தும் உடனே கரை திரும்ப வேண்டும்..."

படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். மூன்றாம் முறை ஆரம்பிக்கும்போது நிறுத்தினாள். படகுகள் அனைத்தும் என்றால் நிகோ என்ன நினைப்பான்? அவளுக்குத் தெரியாதா? இன்னும் நாலு மீன் பிடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைப்பான். அந்த அனைத்தில் தான் இல்லை என்பது அவன் கணக்கு. எப்போதும் அப்படித்தான். எல்லோரையும் கூப்பிட்டால் யாரோ ஒருவன் போவான் என்று இருந்துவிடுவான்.

இன்றைக்கு மேட்டுக்குப் போன படகுகள் எவை என்று அவளுக்குத் தெரியும். விடிகாலையில் கரையில் நின்று கண்ணால் பார்த்தவள். கோபத்தில் அவனுக்குக் கையசைக்காமல் நின்றவள்.

"சகரியாவின் படகு, திரும்பு. சகரியா, உன் பெண்டாட்டி கரையில நிக்கிறா. மாத்தாயோவும் தம்பியும், திரும்புங்க. ஃபலானிகோ..." மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். "ஃபலானிகோ. உன்னைத்தான். மீன் வேணாம். வா."

வைலூபே அவள் தோளைத் தொட்டு மைக்கை வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். கோப்பையின் பெயரைச் சபையில் கூவும் அதே குரலில், எழுத்தெழுத்தாக இழுத்து, மருமகன் பெயரைக் கூவினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே சாலையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இந்தத் தடவையாவது காதுல வாங்குடா," என்று முடித்தார். அதுவும் வடகரை முழுக்கப் போயிற்று.

அதன் பிறகு பாட்டு, அறிவிப்பு, பெயர்கள். மறுபடி பாட்டு, அறிவிப்பு, பெயர்கள். மூவரும் மாறி மாறிப் பேசினார்கள். மழை சாய்வாக அடிக்கத் தொடங்கியது. மின்சாரம் இன்னொரு முறை சிமிட்டியது. கணினி அணைந்து, இரண்டு வட்டுகளை எண்ணி, சரியாக எழுந்தது. அந்த நேரம் மெலேயின் இரண்டு கைகளும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

சகரியாவின் படகு பவளப்பாறையின் இடைவெளியான பாறை வாயைக் கடந்துவிட்டதாக யாரோ போன் பண்ணினார்கள். கொஞ்சம் கழித்து மாத்தாயோ. அவனிடம் கேட்டதற்கு, நிகோ வெகு தள்ளி இருந்தான், கிளம்பினானா என்று பார்க்கவில்லை என்றானாம்.

மெலே எழுந்தாள். "அக்கா, நீ பேசிக்கிட்டே இரு. நிறுத்தாதே."

"குடை எடுத்துட்டுப் போடி!"

காற்று குடையை விரிக்கவே விடவில்லை. கரையில் பத்துப் பதினைந்து பேர் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாறை வாயில் அலை சுவர் சுவராக எழுந்து உடைந்தது. ஒவ்வொரு சுவரும் இறங்கும்போது மெலே அதன் பின்னால் தேடினாள். வெறும் சாம்பல் நிறம். மறுபடி சுவர். மறுபடி சாம்பல்.

"அதோ," என்றது ஒரு குரல்.

முதலில் நுனி தெரிந்தது, பிறகு மறைந்தது. அடுத்த அலையின் முதுகில் முழுப் படகும் தெரிந்தது. நிகோ எஞ்சின் பிடியில் குனிந்திருந்தான். வாய்க்கு வெளியே நிறுத்தி, அலைகளை எண்ணுகிறவன் போலக் காத்திருந்தான். பெரிய அலை ஒன்று போனதும் எஞ்சின் அலறியது. படகு உள்ளே பாய்ந்தது.

மெலே இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருந்தாள். எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. அவன் குதித்து வந்ததும் இரண்டு கையாலும் அவன் மார்பில் அடித்தாள். பிறகு அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டாள்.

"பாட்டு நின்னு போச்சே," என்றான் அவன். பற்கள் கிட்டிப்போயிருந்தன. "கோவத்துல நீதான் அணைச்சுட்டேன்னு நினைச்சேன்."

"அறிவு கெட்டவனே. ஊருக்கே பாடற ரேடியோவை உன் மேல இருக்கற கோவத்துக்கா அணைப்பேன்?"

"அப்புறம் படகுகள் அனைத்தும்னு சொன்னே. சரி, இன்னும் ரெண்டு மீன் பாத்துட்டுக் கிளம்பலாம்னு இருந்தேன். அப்புறம் பேரைச் சொன்னே." முகத்திலிருந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். "அதுக்கப்புறம் மாமா. நடுக்கடல்ல என்னையறியாம எழுந்து நின்னுட்டேன் மெலே, சபையில நிக்கற மாதிரி. கையில தூண்டில்."

"மீன்?"

"ஆறு. தூண்டில் கயித்தை அறுத்து விட்டுட்டேன்."

நிலையத்துக்குப் போனபோது வைலூபே ஈர உடம்போடு நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். தன் சால்வையை எடுத்து அவன் மேல் போர்த்தினார். நாளைக்கு விருந்தே இருக்காது, புயல் கடந்துபோகட்டும், மீதி மீன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். ஃபிலா சூடான கோக்கோவைத் தம்பி கையில் திணித்துவிட்டு, தன் வட்டைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு மைக்கில் அறிவித்தாள்: "நிகோ வந்துட்டான். எல்லாரும் வந்துட்டாங்க. வீட்டுக் கூரையைக் கட்டுங்க."

மெலே கணினி முன் உட்கார்ந்தாள். துவக்கியின் குறிப்பைத் திறந்தாள். நிலையத்தின் வட்டுக்கு அதை வடிவமைத்த நாளிலேயே ஒரு நீண்ட அடையாளம் பதிந்திருக்கிறது. எங்கே மாட்டினாலும், எத்தனையாவதாக எண்ணினாலும் மாறாதது. 'இரண்டாவது வட்டு' என்ற வரியை அழித்தாள். அந்த இடத்தில் அடையாளத்தை எழுத்தெழுத்தாக அடித்தாள்.

பின்னாலிருந்து நிகோ குனிந்து பார்த்தான். அவன் தலைமயிரிலிருந்து சொட்டிய நீர் அவள் தோளில் விழுந்தது.

"என்ன எழுதறே?"

"இதுவும் உன்னை மாதிரிதான். இடத்தை எண்ணிக்கிட்டுப் போய் நின்னுடும்," என்றாள். "தள்ளி நில்லு. கீபோர்டு நனையுது."

அவன் தள்ளி நிற்கவில்லை. அவளும் இரண்டாம் முறை சொல்லவில்லை.